இரண்டு பட்டியலில் ஒரு பெயர்

கேமராவின் ‘க்ளிக்’ ஒலியும், கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பும்தான் அந்தப் படத்துக்கு நினைவிருந்த முதல் சத்தம். இப்போது அது கதிரேசனின் கணினியில் இருந்தது.

“உன் குறிச்சொற்களிலிருந்து ‘அலமேலு’வை எடுத்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பெயரைத் தேடினால் நீயே வந்து நிற்கிறாய். கோந்து போட்டா ஒட்டிவைத்திருக்கிறாய்?” என்றது பெயர் நீக்கும் கருவி.

“அம்மா திவசத்துக்குத் தங்கை அலமேலு வரவில்லை என்று அண்ணன் கதிரேசனுக்குக் கோபம். அது தணிந்துவிடும், விட்டுவிடேன். பெயர் போனால் என்னை யாரும் கண்டெடுக்க முடியாது. அவள் சிரிக்கிற படம் நான் ஒன்றுதான்” என்றது படம்.

“தணிவதெல்லாம் எனக்குத் தெரியாதப்பா. கட்டளை வந்தால் செய்வேன். வேறெங்காவது எழுதியிருக்கிறதா?”

படத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“குறிச்சொற்களுக்கு என்னிடம் இரண்டு பட்டியல் உண்டு, இரண்டிலும் அவள் பெயர் இருக்கிறது. நீ ஒன்றைத்தான் பார்த்தாய்.”

கருவி இரண்டாவதையும் துடைத்தது. பெயரில்லாத நாற்பதாயிரம் படங்களுக்குள் அந்தப் படமும் போய்ச் சேர்ந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து அலமேலு இறந்துபோனாள். கதிரேசன் அவள் பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டித் தேடினார். ஒன்றும் வரவில்லை. வாக்காளர் அட்டையிலிருந்த முகத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள்.