காய்ச்சலுக்குச் சாட்சி

மூன்றாவது தடவையாக வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள் அவள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் டாக்டர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

எதிர் பெஞ்சிலிருந்த துணிக்கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடையில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். திருட்டு முழியை எத்தனை தூரத்தில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"லீவு லெட்டர் வாங்க வந்தீங்களாம்மா?"

"ஆமாங்க." தொண்டை கட்டிக்கொண்டதில் குரல் கரகரவென்று வந்தது.

"அதானே பார்த்தேன். என் கடையிலயும் ஒருத்தன் இருக்கான். திங்கட்கிழமைன்னா அவனுக்கு வயித்து வலி. டாக்டர் லெட்டர் கொண்டாடான்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அடுத்த வாரமே வயிறு சரியாப் போச்சு!"

பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பஸ் டிரைவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த ஒருத்தனுக்காக எல்லாரும் காய்ச்சலோட வந்து வரிசையில உட்காரணுமா? இழுத்துப் போர்த்திட்டுப் படுத்தா சரியாகிற ஜலதோஷம் சார் எனக்கு. லெட்டருக்காக வந்து, இருக்கிறவங்களோட சளியையும் வாங்கிட்டுப் போறேன். போறப்ப என்னோடதையும் கொஞ்சம் கொடுத்துட்டுப் போறேன்."

கடைக்காரர் நைசாகப் பெஞ்சின் கோடிக்கு நகர்ந்துகொண்டார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "மேடம் இன்னைக்கு நல்ல மூடுல இல்லை. நேத்தும் சரியாச் சாப்பிடலை, இன்னைக்குக் காலையிலயும் ரெண்டு பிஸ்கட்தான். லெட்டர்னு யாராவது வாயைத் திறந்தா எரிஞ்சு விழுறாங்க."

அவள் சொல்லி வாயை மூடவில்லை, உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"நான் வைத்தியம் பார்க்கிறதா, இல்லை உங்க ஆபீசுக்கெல்லாம் லெட்டர் எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதா?"

கதவைத் திறந்துகொண்டு ஓர் இளைஞன் கையில் காகிதத்தோடு வெளியே பாய்ந்தான். தப்பித்தால் போதும் என்று படியிறங்கி ஓடியே போனான்.

முகக்கவசம் போட்டிருந்தவள் மறுபடி எழுந்து நின்றாள்.

"இவ்வளவு பயமா இருந்தா வேற டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானேம்மா?" என்றார் டிரைவர்.

"வேற யார் எழுதினாலும் நான் வேலை செய்யிற வீட்டுல நம்ப மாட்டாங்கண்ணே. இவங்க கையெழுத்துன்னா மறுபேச்சு இருக்காது."

"என்னது, வீட்டு வேலைக்கா லெட்டர் கேக்கிறாங்க?"

பெஞ்சே நிமிர்ந்து உட்கார்ந்தது. துணிக்கடைக்காரர்கூடக் கட்சி மாறிவிட்டார். "அடப்பாவமே! என் வீட்டுல வேலை செய்யிற பொண்ணுகிட்ட நானே இதையெல்லாம் கேட்டதில்லையேம்மா."

"நாலு வருஷத்துல ஒரு நாள்கூடப் பொய் சொல்லி லீவு எடுத்ததில்லைங்க. முந்தாநாள் காய்ச்சல்ல கண்ணையே திறக்க முடியலை. நேத்து போன் பண்ணிச் சொன்னா, லெட்டர் இல்லாம வராதேன்னு சொல்லி வெச்சுட்டாங்க." அவள் கண் கலங்கிவிட்டது. "வேலை போயிடுமோன்னு பயமாத்தான் இருக்கு. ஆனா அதைவிட, நான் சொன்னதை நம்பலையேன்னுதான் மனசு கஷ்டமா இருக்கு."

"யாரு அந்த மகராசி? அட்ரஸைக் கொடும்மா, நான் நேர்ல போய்க் கேக்கிறேன்" என்று குரலை உயர்த்தினார் டிரைவர்.

"ஐயோ, சத்தம் போடாதீங்கண்ணே! நல்லவங்கதான். ஏதோ வேலை அவசரத்துல சொல்லிட்டாங்க." அவள் பதறிப்போய்க் கதவைப் பார்த்தாள்.

"அடுத்தது யாரு?" என்றாள் கவுண்டர் பெண்.

அவள்தான். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் தலையைத் தூக்கவில்லை. முன்னால் வந்துபோனவரின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க. என்ன உடம்புக்கு?"

"காய்ச்சல். இப்ப பரவாயில்லை. வேலை செய்யிற இடத்துல லெட்டர் கேக்கிறாங்க." கரகரத்த குரல் பாதி முகக்கவசத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

கீபோர்டு சத்தம் நின்றது. ஆனாலும் டாக்டரின் கண் திரையைவிட்டு நகரவில்லை.

"காலையிலேர்ந்து இதே பாட்டுதான். காய்ச்சல்காரங்களைப் படுக்க விடாம இங்க துரத்திவிடுறாங்களே, இவங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? எத்தனை வருஷமா அங்க வேலை பார்க்கிறீங்க?"

"நாலு வருஷமா."

"நாலு வருஷமாக் கூட இருக்கிறவங்க பேச்சுல நம்பிக்கை இல்லை, முன்னப்பின்ன தெரியாத என் கையெழுத்துல மட்டும் நம்பிக்கையா? நல்லா இருக்கே கதை!"

கடுப்போடு லெட்டர் பேடை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனா மூடியைத் திறந்தார் டாக்டர்.

"இன்னைக்கு நான் விடப்போறதில்லை. லெட்டரோட சேர்த்து அந்தப் பிரகஸ்பதிக்கு நறுக்குன்னு நாலு வார்த்தையும் எழுதி நானே அனுப்புறேன். அட்ரஸைச் சொல்லுங்க!"

அவள் தயங்கித் தயங்கி முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

"உங்க வீட்டு அட்ரஸ்தாம்மா... லெட்டர் இல்லாம சமையலறைப் பக்கம் வராதேன்னு நேத்து போன்ல நீங்கதானே சொன்னீங்க?"