சனிக்கிழமைக் கோளாறு

"இன்னா மொதலியாரே, இன்னிக்கும் கடகடன்னு சத்தமா?" என்று கையைத் துடைத்தபடி வந்தான் மெக்கானிக் ராயப்பன்.

"ஆமாப்பா. அதே மட்கார்டு நட்டுதான் போலிருக்கு," என்றார் உலகநாத முதலியார்.

சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் அவர் வாங்கிய பந்தயக் கார் அது. கூரை கிடையாது. இரண்டே சீட்டு. சம்சாரம் தவறிப்போன இந்த மூன்று வருஷமாகப் பக்கத்துச் சீட்டில் அவருடைய குடைதான் உட்கார்ந்து வருகிறது.

பட்டறையில் நின்றிருந்த மரக்கடைப் பரந்தாமன் சிரித்தார். "வாராவாரம் பூந்தமல்லியிலேர்ந்து ஆவடிக்கு ரிப்பேருக்கு வரணுமா? இத்த தள்ளிவுட்டு, என்னாட்டம் புதுசா மூடின கார் வாங்குங்க."

"அதுல எங்க பழுதுன்னு யாருக்குத் தெரியும்? இதுல எல்லாம் கண்ணெதிர்லயே இருக்கு. ஒரு ஸ்பானர் போதும்."

பரந்தாமன் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார்.

ராயப்பன் குனிந்து, மட்கார்டு நட்டில் ஸ்பானரை வைத்துத் திருகிப் பார்த்தான். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"நல்லா லூசாயி கீது மொதலியாரே. நேரம் புடிக்கும், குந்துங்க. ஒங்களுக்கும் சேத்து டீ வாங்கி வெச்சிருக்கேன், ஆறிடப் போவுது."

முதலியார் பெஞ்சில் உட்கார்ந்தார். டம்ளரை எடுத்தவர், மட்கார்டைத் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமைதோறும் வீட்டை விட்டுக் கிளம்புமுன் அந்த நட்டைத் தளர்த்திவிடுகிறவர் அவரேதான்.

இன்றைக்குத் தளர்த்த மறந்துவிட்டார்.