நாலாவது லேன்

"வாத்தியாரே, முதல்ல அந்தப் பொண்ணை நாலாவது லேன்லருந்து வெளிய வரச் சொல்லுங்க!"

நான் போட்ட சத்தத்துல மைதானமே திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டுமே.

அது என் தம்பியோட லேன். நானூறு மீட்டர்ல அவன் ஜெயிச்சது அதுலதான். அதைப் பாத்துட்டுத்தான் பட்டாளத்துல கூப்பிட்டாங்க. சண்டையில அடிபட்டவனைத் தூக்கப் போனவன் திரும்பி வரல. அதுலருந்து வருஷா வருஷம் அவன் பேர்ல பந்தயம். நாலாவது லேன் காலியா கெடக்கும். கோப்பை குடுக்கிறது நான்.

அவன் ஜெயிச்ச அன்னைக்குப் போட்டிருந்த ஷூ எங்க சித்தப்பாவோடது. முன்னால பேப்பரை அடைச்சு ஓடினான். சித்தப்பா ஷூ இல்லாம தேஞ்ச செருப்போட பொண்ணு பாக்கப் போக, அந்தப் பொண்ணு இவரை வேணாம்னுடுச்சு. அது பெரிய கதை, விடுங்க.

"அக்கா, ஏழு லேன். ஏழு பேரு வந்துட்டாங்க." விளையாட்டு வாத்தியார் தலையைச் சொறிஞ்சாரு. தம்பியோட ஒண்ணாப் படிச்சவரு. "இன்னைக்கு ஓடலைன்னா இந்தப் பொண்ணு பெரிய போட்டிக்குப் போக முடியாது."

"அதுக்கு செத்தவன் இடம்தான் கெடச்சுதா? எல்லாம் பொறாமை! நீங்களும்தான் அப்ப ஓடுனீங்க. ஒரு கப்பு வாங்கியிருப்பீங்களா?"

மனுஷன் குனிஞ்சு விசில் கயித்தை விரல்ல சுத்திக்கிட்டிருந்தாரு. எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அவன் ஜெயிச்ச வருஷத்துப் பந்தய நோட்டை எடுங்க. அது யாரு லேன்னு இவளும் பாக்கட்டும்."

"வேணாங்க்கா."

"வேணாமா? நானே எடுக்கிறேன்!"

பக்கத்துல இருந்த ஸ்டோர் ரூமுக்குள்ள நுழைஞ்சு, தும்மிக்கிட்டே பழைய நோட்டை உருவினேன். அந்தப் பொண்ணு கண்ணைத் தொடைச்சிக்கிட்டு பின்னாடியே வந்துச்சு, வாத்தியாரும் வந்தாரு.

நானூறு மீட்டர். நாலாவது லேன். அங்க ஒரு பேரை அடிச்சுட்டு, மேல என் தம்பி பேரை எழுதியிருந்தாங்க.

அடிச்சிருந்தது வாத்தியார் பேரு.

"அவன் பேரு குடுக்க மறந்துட்டான்க்கா. லேன் இல்ல, போடான்னுட்டாங்க. அழுதுக்கிட்டு நின்னான். என்னைவிட நல்லா ஓடுறவன்..."

நான் திரும்பி அந்தப் பொண்ணு மேல எரிஞ்சு விழுந்தேன். "நீ எதுக்குடி இங்க நிக்கிற? போ, போய் உன் லேன்ல நில்லு!"

அவ ஓடினப்புறம்தான் எனக்குக் கேக்க வாய் வந்துச்சு.

"அப்ப... அன்னைக்கு நீங்க ஓடவே இல்லையா?"

"ஓடினேனேக்கா. கோட்டுக்கு வெளிய, அவன்கூடவே, கத்திக்கிட்டு."