வெடிமருந்துக் கிடங்கு

ஆற்றங்கரையில் அழிந்துபோன பீரங்கிக் கோட்டையைத் தேடி அகழாய்வாளர் இசக்கியப்பன் மூன்று மாதமாகத் தோண்டிக்கொண்டிருந்தார். கல்லையெல்லாம் ஊரார் எப்போதோ வீடு கட்ட அள்ளிப்போயிருந்தார்கள். பீரங்கிகள் உருகி அரிவாளாகிவிட்டன. அனுமதி முடியும் கடைசி நாளில், கடைசிக் குழியில், கறுப்பு மண் வந்தது. வெடியுப்புதானா என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கரித்தது.

"வெடிமருந்துக் கிடங்கு!" என்று கத்தினார்.

மண் வெட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் ஒரு கட்டியை உடைத்தாள். உள்ளே அப்பிக்கிடந்தவை கொய்யா விதைகள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"துப்பிருங்க சார். இது சிப்பாய்மாரு கக்கூசுல்லா!"

காறிக் காறித் துப்பினார். ஆற்றில் இறங்கி வாய் கொப்பளித்தார். ஊரே கோட்டையைத் தூக்கிப்போனபோது எவனும் தொடாமல் விட்டுவைத்த ஒன்றே ஒன்று இன்னும் நாக்கில் கரித்தது.