கோபித்துக்கொண்டு போகும் தூரம்

மதுரைக்கும் டொராண்டோவுக்கும் இடையே விமானத்தில் அரை மணி நேரம்தான் என்று ஆன பிறகு, கணவனோடு சண்டை வந்தால் எழில்நிலா அடுப்பை அணைத்துவிட்டு நேராக மதுரைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பரிதி பின்னாலேயே வந்து கெஞ்சினால்தான் திரும்புவாள்.

இன்று அவன், "உங்கம்மா ஏன் தினமும் இங்க வர்றாங்க?" என்று கேட்டுவிட்டான். கிளம்பிவிட்டாள்.

மதுரையில் கதவைத் திறந்தவர் அப்பா. கையில் கருகிய தோசை.

"அம்மா எங்கப்பா?"

"எங்கூட சண்டை. கோவிச்சுக்கிட்டு உன் வீட்டுக்குத்தான் போயிருக்கா. வழியில பாக்கலியா?"

"நீங்க போய்க் கூப்பிடலாம்ல?"

"நான் எதுக்குப் போகணும்? உன்னக் கூப்பிட மாப்பிள்ளை வந்தாரா?"

எழில்நிலா உம்மென்று உட்கார்ந்தாள். வெகுநேரமாகியும் பரிதி வரவில்லை. கடைசியில் அவளே போன் செய்தாள்.

"அத்தை கறிக்கொழம்பு வச்சிருக்காங்க, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றான் அவன், வாய் நிறையச் சோற்றோடு. "நீ ஒண்ணும் அவசரப்படாத. இருந்துட்டு மெதுவா வா."

அவள் விருட்டென்று எழுந்தாள். அப்பா அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கொழம்பு ஆறுறதுக்குள்ள போயிரலாம், வா."