அழுகைக் காட்சி

மகனைப் பறிகொடுத்த தாய் ஒப்பாரி வைக்கும் காட்சி மட்டும்தான் பாக்கி. மெட்ராசில் சினிமா படிக்கும் வில்லியனூர் தனிஸ்லாஸ், தன் கடைசி வருடப் படத்துக்காக மூர்த்திக்குப்பத்து எல்லம்மாளை நடிக்கக் கேட்டான்.

"சாவு வுழாத வூட்ல ஒப்பாரி வெக்கக்கூடாது தம்பி," என்று மீன்கூடையோடு போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் அவளே வந்தாள்.

"யாருனா கேட்டா சினிமாவுக்குத்தான் அழுவுறேன்னு சொல்வியா?"

"சொல்றேம்மா."

கேமரா ஓடியது. கதைப்படி மகன் பாம்பு கடித்துச் செத்தவன். எல்லம்மாளோ மார்பில் அடித்துக்கொண்டு கடலைத் திட்டி அழுதாள். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தனிஸ்லாஸ் விட்டுவிட்டான். பிலிம் தீர்ந்தது. அவன் 'கட்' சொல்லியும் அவள் நிறுத்தவில்லை.

படப்பிடிப்பு நடந்த வீட்டு வாசலில் அவள் மருமகள் நின்றிருந்தாள். தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய குங்குமம்.

"உங்க மாமியார் பிரமாதமா நடிக்கிறாங்க."

"எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயி அஞ்சு நாளாவுதுண்ணா. கூடப் போனவங்க வந்துட்டாங்க, அவரு வரல. பொணம் ஒதுங்குற வரைக்கும் வூட்ல யாரும் அழக்கூடாதுன்னு ஊர்ப் பெரியவங்க சொல்லிட்டாங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க படத்துல பொண்டாட்டி அழுவுற சீன் இருக்குதாண்ணா?"