சீலை மாற்றும் நேரம்

மூவாயிரத்து இருநூறு பிராங்க். லக்ஷ்மணன் சச்சிதானந்தனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு.

சுவிஸில் துன் நகரில் மண்டபம் எடுத்துப் பகிடி நாடகம் போட்ட கடன் அது. அன்றைக்கு மேடையில் நின்றவர்களைவிடக் கதிரையில் இருந்தவர்கள் கொஞ்சம்தான் கூட. மண்டபக் காசையும் ஒலிபெருக்கிக் காசையும் சச்சிதானந்தன்தான் கட்டினான். கலியாணம், சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் மணவறை சோடிக்கிறவன்.

"காசாத் தரவேண்டாம் அண்ணை. கதைச்சுக் கழியுங்கோ" என்றான்.

மாட்டினது அப்படித்தான்.

சாமத்திய வீட்டில், வயதுக்கு வந்த பிள்ளை சீலை மாற்ற உள்ளே போகும். சிவப்புச் சீலை கழன்று, பச்சைச் சீலை ஏறி, நகை பூட்டி, பூ வைத்து வெளியே வர அரை மணித்தியாலம் பிடிக்கும். அதுவரை சனம் எழும்பிப் போகாமல் யாராவது மேடையில் நின்று கதைக்க வேண்டும். ஒரு தரத்துக்குக் கடனில் நூறு பிராங்க் கழியும்.

கிழமை நாளில் லக்ஷ்மணனுக்கு ஆராவ் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை. சனிக்கிழமை சச்சிதானந்தனின் வான். முன் இருக்கையில் படம் பிடிக்கிற பெடியள். கடைசி இருக்கையில் லக்ஷ்மணன், மடியில் மணவறைச் சோடனைக்கு ரெஜிபோமில் வெட்டிய வெள்ளை அன்னத்தின் கழுத்து. மேடையில் போடுகிற தங்கநிறச் சட்டையும் அன்னத்தோடு சேர்ந்த சாமான்தான். அவருக்குச் சொந்தமில்லை.

"நான் சீட்டுக்காசை எடுத்துக் குடுக்கிறன். அவனிட்டையிருந்து கழண்டு வாங்கோ" என்று மனுசி சிவகலா எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். மனுசி காசில் கடன் கட்டுகிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை என்று ஒவ்வொரு தரமும் அவளோடு சத்தம் போட்டார்.

சத்தம் போட்டாலும், வானில் போகும்போதெல்லாம் கடைசி நாளைத்தான் நினைத்துக்கொண்டு போவார். சட்டையைக் கழற்றிச் சச்சிதானந்தன் கையில் கொடுக்க வேண்டும். "சரி தம்பி, முடிஞ்சுது" என்று ஒரு சொல். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஸ்டேசனுக்கு நடக்க வேண்டும்.

இன்று சோலோதுர்ன் நகரில் ஒரு சாமத்திய வீடு. மண்டபம் நிறையச் சனம். பிள்ளை உள்ளே போய்விட்டது.

லக்ஷ்மணன் ஒலிவாங்கியை எடுத்தார்.

"இஞ்ச குப்பை போடுற பைக்கும் காசு பாருங்கோ. ஒரு பை ரெண்டு பிராங்க். மனுசி சொன்னாள், வீட்டில உதவாததெல்லாம் பைக்குள்ள போடுங்கோ எண்டு. நான் போய்ப் பைக்குள்ள ஏறி இருந்தன். வந்து பாத்தவள் பதறிப்போனாள். ஐயோ, இறங்குங்கோ, உங்களுக்குப் போய் ஒரு பையை வீணாக்கிறதே எண்டு!"

நிறுத்தினார். சிரிப்புக்கு விடுகிற இடைவெளி அது.

கரண்டிகள் தட்டில் பட்டன. முன் மேசையில் இருந்த சின்னப் பிள்ளை ஒன்று, அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று சுவிஸ் ஜெர்மனில் தாயைக் கேட்டது.

"ஒண்டுமில்லை. நீ ரோல்சைச் சாப்பிடு."

சீலை மாற்றும் அறையைப் பார்த்தார். கதவு பூட்டிக் கிடந்தது. குடித்த வெறிகாரன் மாதிரி நடந்து காட்டினார். முழங்கால் குத்தியது. மாமியார் குரலில் கதைத்தார். கதவு திறக்கவில்லை. கையில் இருந்த ஒலிவாங்கிக்கு வயர்கூட இல்லை. ஆனாலும் அவரால் அந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

திரும்பவும் வெறிகாரனாக நடந்தார்.

கதவு திறந்தது. பச்சைச் சீலையில் பிள்ளை வர, மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் பாதியை ஒரு கணம் தனக்கென்று எடுத்துக்கொண்டு, லக்ஷ்மணன் திரைக்குப் பின்னால் போனார்.

சச்சிதானந்தன் அங்கே நின்றான். கையில் சட்டை வைக்கிற பை.

"அண்ணை, இண்டையோட சரி. மிச்சத்தை நான் விட்டிட்டன்."

"இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கிடக்கெல்லோ?"

"கிடந்திட்டுப் போகட்டும். இனிமேல் சீலை மாத்துற நேரத்துக்கு ஸ்கிரீனில பிள்ளையின்ர சின்ன வயசுப் படங்களை ஓட விடப்போறம். சனம் அதைத்தான் கேக்குது. சட்டையை இதுக்குள்ள போட்டுவிடுங்கோ."

பையின் வாயை விரித்துப் பிடித்தான்.

லக்ஷ்மணன் வானில் இருந்து எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்த சொல் வாயில் வந்து நின்றது. திரை இடுக்கால் மேடையின் வெளிச்சம் ஒரு கீற்றாக அவர் சப்பாத்தில் விழுந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, கைமாத்தா ஒரு மூவாயிரம் தாறியோ? முந்தின மாதிரியே கழிச்சுவிடுறன்."

சச்சிதானந்தன் அவரை உற்றுப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். தொடையில் அடித்துச் சிரித்தான். பக்கத்தில் சாத்தியிருந்த அன்னத்தின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"உந்தப் பகிடியையெல்லோ அண்ணை மேடையில சொல்லியிருக்கோணும்!"

சிரிப்பு அடங்கும்வரை லக்ஷ்மணன் அசையாமல் பொறுத்து நின்றார். மேடைப் பழக்கம்.

அடங்கியதும், தங்கநிறச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.